வடலூர்ச் சபையும் அதன் வெளியும்

தைப்பூசத் திருநாள் ஜொகூர் மாநிலத்தில் பொது விடுமுறை. அன்று மெர்சிங் நகரில் அலுவலகங்கள் அடைத்திருக்கும். வாடைக்காற்றின் பருவமாதலால் தென்சீனக் கடலும் சீறிக்கொண்டிருக்கும். தியோமான் தீவுக்குச் செல்லும் படகுகள் பெரும்பாலும் துறையிலேயே கட்டுண்டு கிடக்கும். தைப்பூசம் என்ற அளவில் இந்நாட்டுத் தமிழர் நெஞ்சில் தோன்றுவன காவடியும் பால்குடமும் பத்துமலைப் படிகளுமே. தம்புசாமிப் பிள்ளை முயன்று நிறுவிய அந்தக் குகைக்கோயிலில் தைப்பூச விழா 1892-ஆம் ஆண்டு முதல் நடந்து வருகின்றது. அதற்குச் சரியாக இருபதாண்டு முன்னர், 1872-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 25-ஆம் நாள், அதே தைப்பூசத்தன்று, தமிழ்நாட்டின் பழைய தென்னார்க்காடு மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு கட்டடம் திறக்கப்பட்டது. அங்குக் காவடி இல்லை, வேல் இல்லை, திருவுருவமும் இல்லை. எண்கோணமான ஒரு மண்டபம், ஏழு திரை, ஒரு கண்ணாடி, ஒரு விளக்கு, இவ்வளவே. அதுதான் இராமலிங்க அடிகள் எழுப்பிய வடலூர்ச் சத்திய ஞான சபை.

வள்ளலாரின் பாடல்களைப் பற்றி எழுதியோர் பலர். அவர் கொள்கைகளைப் பற்றிப் பேசியோர் அவரினும் பலர். அவர் ஒரு கட்டடக் கலைஞர் என்ற நோக்கில் அவரை அணுகினோர் மிகச் சிலரே. சபையின் அமைப்பை வரைந்து கொடுத்தவர் அவரே. சிற்ப நூல் வல்ல தபதியரிடம் ஒப்புவித்து, அவர்கள் கொடுத்ததைக் கொண்டு அமைந்துவிட்ட கட்டடம் அன்று அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்ப் புலவர் ஒருவர் தாமே எண்ணி, தாமே வரைந்து, தாமே அதற்கு ஒழுங்குமுறையும் எழுதிவைத்த கட்டடம் இதைப் போல் இன்னொன்றைக் காட்டுதல் அரிது. அதனாற்றான் இதனைக் காப்பது எப்படி என்னும் வினாவும் பிற பழங்கட்டடங்களைக் காப்பது போன்ற எளிய வினா அன்று.

அடுப்பு முந்தியது

சபையின் வரலாற்றைச் சபையிலிருந்து தொடங்குவது பிழை. அதற்கு ஐந்தாண்டு முன்னர் அடுப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

இராமலிங்கர் 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் சிதம்பரத்துக்கு அணித்தான மருதூரில் பிறந்தவர், சென்னையில் வளர்ந்தவர். சென்னை வாழ்வை விட்டுத் தெற்கே வந்து, கருங்குழி என்னும் ஊரில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் ஆண்டுகள் பல தங்கினார். 1865-இல் சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். அருகிலிருந்த பார்வதிபுரத்து மக்கள் அவர் கேட்க, தங்கள் நிலத்தில் எண்பது காணியை 1867-இல் எழுதிக் கொடுத்தனர். இக்கால அளவையில் ஏறத்தாழ 106 ஏக்கர். கொடுத்தவர் நாற்பதின்மர் என்பர். அவர்கள் அரசரும் அல்லர், ஜமீன்தாரும் அல்லர், ஊரார். ஜொகூரில் அபுபக்கர் நீரிணையை நோக்கி இஸ்தானா புசார் என்னும் அரண்மனையை எழுப்பியது 1866-ஆம் ஆண்டில். ஓராண்டு இடைவெளியில் இரு நாடுகளில் இரு தொடக்கங்கள்: ஒன்று ஆட்சியின் கருவூலத்தில் பிறந்தது, மற்றொன்று உழவர் பட்டாவில் பிறந்தது.

அந்த நிலத்தில் முதலில் எழுந்தது வழிபாட்டிடம் அன்று. 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் தருமச்சாலை தொடங்கப்பட்டது. சாதி, சமயம், ஊர், மொழி எதுவும் கேளாமல் பசித்து வந்தவர்க்குச் சோறிடும் சாலை அது. அங்கு மூட்டிய அடுப்பு இருபத்தோரடி நீளம் என்பர். அதன் நெருப்பு அன்று முதல் அணையாமல் காக்கப்பட்டு வருகின்றது. தென்னகத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சம் 1876-இல் வந்தபோது வடலூர் அடுப்புக்கு வயது ஒன்பது.

இதனைக் கட்டடக் கலையோடு சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் கோயில்களில் மடைப்பள்ளி ஒரு மூலையில் இருக்கும். கருவறைக்குப் படைத்ததில் மிஞ்சியது மக்களுக்கு வரும். வடலூரில் வரிசை தலைகீழாயிற்று. முதலில் அடுப்பு, பின்னரே விளக்கு. சோற்றுச் சாலையும் ஒளிச் சபையும் ஒன்றையொன்று ஒட்டாமல், ஒரே வெளியில் தனித்தனி நிற்கின்றன. இரண்டுக்கும் இடையே நடந்து செல்ல வேண்டும். பசியாறியவன் நடக்கும் அந்தத் தொலைவும் திட்டத்தின் ஒரு பகுதி என்று கொள்வதே பொருந்தும்.

தரைக்கு இறங்கிய எண்கோணம்

சபையின் பணி 1871-இல் தொடங்கி, சில திங்களில் முடிந்தது. வள்ளலார் இவ்விடத்துக்கு உத்தரஞான சிதம்பரம் எனவும், ஊருக்கு உத்தரஞான சித்திபுரம் எனவும் பெயரிட்டார். உத்தரம் என்பதற்கு வடக்கு என்ற பொருளும் உண்டு. பின்னையது என்ற பொருளும் உண்டு. சிதம்பரத்துக்கு வடக்கே உள்ளது. சிதம்பரத்துக்குப் பின் வருவது. இரண்டையும் கருதியே பெயர் வைத்திருக்கிறார் எனல் வேண்டும்.

ஆகவே சிதம்பரத்தை மனத்திற் கொண்டே வடலூரைப் பார்க்க வேண்டும். தில்லையில் கூத்தன் தெற்கு நோக்கி ஆடுகிறான். வடலூர்ச் சபையும் தெற்கு நோக்கியதே. தில்லையில் சிற்சபையும் பொற்சபையும் உண்டு. வடலூரிலும் தென்வாயிலில் நுழைவார்க்கு வலப்புறம் பொற்சபையும் இடப்புறம் சிற்சபையும் அமைந்துள்ளன. தில்லையில் சபையின் மேல் பொன் வேய்ந்த கூரை; வடலூரில் செப்புத் தகடு வேய்ந்த கூரையும் உச்சியில் கலசமும். தில்லையில் திரை விலக்கினால் தோன்றுவது வெட்டவெளியும் அதன்முன் தொங்கும் பொன் வில்வ மாலையும். அதுவே சிதம்பர இரகசியம். வடலூரிலும் திரை உண்டு. ஆனால் அது ஒன்று அன்று, ஏழு. விலகினால் தோன்றுவது ஒளி.

இத்தனை ஒப்புமைகளையும் கண்டு, வடலூர் தில்லையின் சிறு படி என்று முடிவு கட்டுவார் உளர். அது மேலோட்டமான முடிவு. ஒப்புமை மிகுதியாக இருக்கும் இடத்தில் வேற்றுமை எங்கே என்று தேடுவதே திறனாய்வாளன் கடமை. வடலூரில் இராசகோபுரம் இல்லை. சிற்பம் நிறைந்த விமானம் இல்லை. பிராகாரத்தின் மேல் பிராகாரமாக வளர்ந்து, உள்ளே செல்லச் செல்ல இருளும் குறுக்கமும் மிகும் அமைப்பும் இல்லை. சபையைச் சுற்றி ஓடுவது உயர்ந்த மதில் அன்று. இரும்புச் சங்கிலி வேலி. மதில் கண்ணையும் மறைக்கும், காலையும் தடுக்கும். சங்கிலியோ காலை மட்டும் நிறுத்தும், கண்ணை மறைக்காது. மிகச் சிறிய செய்திதான். ஆனால் அந்தக் கட்டடத்தின் கருத்து முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது.

எண்கோணத்தைப் பற்றியும் ஒரு சொல். எண்கோணம் தமிழ்ச் சிற்ப மரபுக்குப் புதியது அன்று. திராவிட விமானத்தின் சிகரம் பெரும்பாலும் எண்பட்டையாகவே அமையும். ஆனால் அங்கு அது சதுரமான உடலின் மேல், எட்டாத உயரத்தில், வானத்தை ஒட்டி நிற்கும். கீழிருந்து அண்ணாந்து பார்ப்பதற்கு உரியது அது. வள்ளலார் செய்தது அந்த எண்கோணத்தைத் தரைக்கு இறக்கியது. சதுர உடலும் அடுக்கு நிலையும் நீங்கின, சிகரமே கட்டடமாயிற்று. எட்டுத் திசைக்கும் ஒவ்வொரு முகம் காட்டும் கட்டடத்துக்குப் பின்புறம் என்று ஒன்று கிடையாது. வாயில் தெற்கே இருந்தாலும் சுற்றி நிற்போர் யாவர்க்கும் அது ஏதேனும் ஒரு முகத்தைக் காட்டியே நிற்கும். கோயிலின் புறச்சுவரைத் தொட்டு நிற்கவும் உரிமை மறுக்கப்பட்டோர் நாட்டில் மிகப் பலராக இருந்த காலத்தில் எழுந்த அமைப்பு இது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

சபைக்குள் நுழைவார்க்கு இடப்பட்ட நிபந்தனையும் அக்காலத்துக்கு வியப்பானதே. கொலையும் புலையும் தவிர்த்தவர் மட்டுமே உட்புகலாம். குலம் கேட்கவில்லை, சமயம் கேட்கவில்லை, உணவைக் கேட்டது.

திரையும் கண்ணாடியும்

ஏழு திரைகளின் நிறம் முறையே கருமை, நீலம், பச்சை, செம்மை, பொன்மை, வெண்மை, கலப்பு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தியைக் குறிக்கும் என்பர். கருமை மாயாசத்தி, நீலம் கிரியாசத்தி எனத் தொடங்கிக் கலப்பு வண்ணம் சிற்சத்தி என முடியும். தத்துவ விளக்கம் தத்துவ நூலாருக்கு. கட்டடத்தை ஆராய்வோர் கருத வேண்டியது வேறு. பெரிய கோயில்கள் ஏழு வாயிலும் ஏழு மதிலும் கொண்டு கல்லால் செய்ததை, இங்குத் துணியால் செய்திருக்கிறார். திருவரங்கத்தில் ஏழு சுற்றைக் கடக்கக் கால் வலிக்க நடக்க வேண்டும். வடலூரில் நின்ற இடத்திலேயே ஏழும் கடந்து போகின்றன. நகர்வது காண்பவன் அல்லன், மறைப்பு. சிறிய கட்டடத்துக்குள் பெரிய தொலைவை அடக்கும் இந்தச் சிக்கனம் எந்த நாட்டுக் கட்டடக் கலைஞனும் மெச்சத்தக்கது.

திரைக்குப் பின் கண்ணாடி. கண்ணாடிக்குப் பின் விளக்கு. ஆளுயரத்துக்கு மேற்பட்ட அந்தக் கண்ணாடியை வள்ளலார் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் தம்மிடம் வைத்து வழிபட்டுப் பின்னர்ச் சபைக்கு அனுப்பினார் என்பர். கண்ணாடி அவர் வாழ்வில் பழைய துணை. சென்னையில் இளம் பருவத்தில் அறையில் கண்ணாடியும் விளக்கும் வைத்து இருந்தார் என்றும், அதில் தணிகை முருகனைக் கண்டார் என்றும் வரலாறு எழுதியோர் கூறுவர். முகம் பார்க்கும் கண்ணாடிக்கும் ஒளி ஊடுருவும் கண்ணாடிக்கும் தமிழில் ஒரே சொல்தான்.

இந்த எண்ணம் தமிழ் நிலத்தில் அவரோடு தொடங்கியதும் அன்று, அவரோடு முடிந்ததும் அன்று. தென்திருவிதாங்கூரில் அய்யா வைகுண்டர் 1851-இல் மறைந்தார். அவர் வழியினர் பதிகளிலும் தாங்கல்களிலும் இன்றும் கண்ணாடி முன்னின்றே வழிபடுகின்றனர். கேரளத்தில் நாராயண குரு 1927-இல் களவங்கோட்டில் கண்ணாடியையே நிறுவினார். உருவத்தை நீக்கிய இடத்தில் என்ன வைப்பது என்னும் வினாவுக்குத் தென்னாடு ஒரு நூற்றாண்டுக் காலம் கொடுத்த விடைகள் இவை. கோயிலுக்குள் நுழைய முடியாதிருந்தவர்களோடு வாழ்ந்தவர்களே இவ்விடைகளைக் கொடுத்தனர் என்பது தற்செயல் ஆகாது. இவற்றுள் வடலூருக்குத் தனிச் சிறப்பு, விடைக்கென்றே ஒரு புதிய கட்டடத்தை அது பெற்றிருப்பது.

கட்டியவர் எழுதிய ஏடு

சபை திறந்து ஆறு திங்கள் ஆகுமுன், 1872-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வள்ளலார் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ஞானசபை விளக்க விபவ பத்திரிகை என்பது அதன் பெயர். இதனை அவருடைய உரைநடைப் பகுதிகளோடு பிற்காலத்தார் அச்சிட்டுள்ளனர். சமய நோக்கில் மட்டும் படிப்பவர்க்கு அது வழிபாட்டு விதி. கட்டடம் காப்போர் நோக்கில் படித்தால் வேறொரு தோற்றம் தரும். தன் கட்டடத்தை எப்படிப் பேண வேண்டும் என்று கட்டியவனே எழுதிவைத்த கையேடு அது.

அதில் கண்ட செய்திகள் சில. சபையில் வைக்க வேண்டிய விளக்கு தகரமும் கண்ணாடியும் கொண்டு செய்தது. பித்தளை முதலியவற்றால் ஆன குத்துவிளக்கு வேண்டாம். மேலே ஏற்றித் தொங்கவிடும் குளோப்பு விளக்கும் வேண்டாம். நான்கு நாளுக்கு ஒருமுறை உள்ளே தூசு துடைக்க வேண்டும். துடைக்கப் புகுவோர் குளித்து, காலில் துணி சுற்றி, முழங்காலிட்டுக் கொண்டு துடைக்க வேண்டும். அவ்வேலைக்கு உரியவர் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட சிறுவர், அல்லது எழுபத்திரண்டு வயதுக்கு மேற்பட்ட பெரியவர். அதுவும் பொருளாசை முதலியன இல்லாதவர். மற்றையோர் வெளியே நின்று மெல்லெனத் துதிக்க வேண்டும். சபையின் திறவுகோல் எவர் கையிலும் இருத்தலாகாது; அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிப் பொற்சபையில் வைத்துவிட்டு, பெட்டியின் திறவுகோலை மட்டுமே காவல் பொறுப்பாளரிடம் கொடுக்க வேண்டும்.

இவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தால் கட்டியவர் உள்ளம் தெளிவாகும். தகர விளக்கு ஏன்? தகரம் ஏழை வீட்டுப் பொருள். திருட்டுக்கு அஞ்ச வேண்டாத பொருள். செல்வர் ஒருவர் தம் பெயர் பொறித்துக் காணிக்கையாகத் தரத் தகாத பொருள். கோயில் விளக்குகளில் உபயதாரர் பெயர் ஒளியை மறைக்கும் அளவுக்குப் பெருகியிருப்பதைப் பார்த்தவர்க்கு இந்த விதியின் நுட்பம் புரியும். சிறுவரும் முதியவரும் ஏன்? அவ்விரு பருவத்தாரும் ஓர் அலுவலை உரிமையாக்கிப் பரம்பரைக்கு விட்டுச் செல்ல இயலாதவர். சிறுவன் வளர்ந்து விடுவான், முதியவர் போய்விடுவார். அருச்சகர் குலம் ஒன்று முளைக்காமல் இருக்க வயதையே வேலியாக நட்டிருக்கிறார். பெட்டிக்குள் பெட்டியாகத் திறவுகோலை வைத்ததற்கும் காரணம் அதுவே.

ஆனால் கட்டடக் கலை நோக்கில் எல்லாவற்றினும் முதன்மையானது, மற்றையோர் வெளியே நிற்க வேண்டும் என்ற விதி. பள்ளிவாசலுக்கும் மாதா கோயிலுக்கும் தொழுவோர் கூட்டம் கூரையின் கீழ் நிற்கும். தமிழ்க் கோயிலுக்கு மண்டபம் உண்டு. வடலூர்ச் சபையோ கூட்டத்தை உள்ளே ஏற்பதற்கென்று கட்டியதே அன்று. அப்படியாயின் கூட்டம் நிற்கும் மண்டபம் எது? சங்கிலிக்கு வெளியே பரந்து கிடக்கும் பெருவெளிதான். அதன் கூரை வானம். எண்பது காணி நிலத்தைக் கேட்டுப் பெற்றவர் அதில் மிகச் சிறு பகுதியிலேயே கட்டினார். எஞ்சியதைக் கட்டாமல் விட்டார். கட்டப் பணம் இல்லாமையால் விட்டது என்று கருதுவோர் அவர் எழுதியதைப் படித்தல் வேண்டும். வெளி என்பது அவர் பாடல் முழுவதும் ஓடும் சொல். அந்தச் சொல்லுக்கு மண்ணில் கொடுத்த வடிவமே பெருவெளி.

காத்ததும் சேர்த்ததும்

வள்ளலார் 1874-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் புகுந்து கதவடைத்துக் கொண்டார். 1878-இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்டக் கையேடும், 1906-இல் வெளிவந்த கெசட்டியரும் அவரைப் பற்றிக் குறித்துள்ளன. சபைக்கு அவர் வாழ்ந்தது இரண்டே ஆண்டு. கட்டடத்துக்கு இப்போது நூற்றைம்பது ஆண்டு கடந்துவிட்டது. எழுதி வைத்தவர் இல்லாத காலத்தில் ஏடு எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தும் என்பதற்கு வடலூர் வரலாறே சான்று.

இருபதாம் நூற்றாண்டின் இடையில் சபை பழுதுற்றிருந்தது. அதனைப் புதுப்பிக்க முன்வந்தவர் திருமுருக கிருபானந்த வாரியார். நாட்டின் பல பகுதிகளிலும் சொற்பொழிவாற்றிப் பொருள் திரட்டியவர். பல கோயில்களின் திருப்பணியை முடித்தவர். அவர் முயற்சியால் பணி நிறைவேறி 1950-இல் குடமுழுக்கும் நடந்தது. கட்டடம் அன்று காக்கப்பட்டதற்கு அவருக்குத் தமிழுலகம் கடப்பாடுடையது. எனினும் குடமுழுக்கு என்னும் சொல்லைச் சற்றே நின்று கேட்க வேண்டும். அது கோயிலுக்குரிய சடங்கு. கோயிலாக ஆகாதிருக்க இத்தனை விதி செய்த கட்டடத்தை, அன்போடு, கோயிலாகவே பழுது பார்த்தனர். பகையால் மாறிய பழங்கட்டடங்களைவிடப் பத்தியால் மாறியவை நம் நாட்டில் மிகுதி.

இந்த முரண் பின்னும் வளர்ந்தது. சபை வளாகத்தில் உருவ வழிபாடு இடம்பெற்றதை எதிர்த்து அன்பர்கள் முறையிட்டனர். வள்ளலார் வகுத்த சோதி வழிபாடே நடைபெற வேண்டும் என 2006-இல் இந்து சமய அறநிலையத் துறை அதிகாரி ஆணையிட்டார். 2010-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதனை ஏற்றது. கட்டடக் காப்பு வரலாற்றில் இது போற்றத்தக்க நிகழ்ச்சி. ஒரு கட்டடத்தின் பயன் எது என்னும் வழக்கில், அதைக் கட்டியவர் 1872-இல் எழுதிய எழுத்தே பேச்சின் நடுவில் நின்றது. சுவரைக் காப்பது ஒருபாதி. சுவர் எதற்காக எழுந்ததோ அதைக் காப்பது மறுபாதி.

இனி வெளியின் கதை. 106 ஏக்கரில் ஒரு பகுதி ஆக்கிரமிப்புக்கு உள்ளாயிற்று என்பது நீதிமன்றம் வரை சென்ற செய்தி. சுற்றிலும் ஊரும் மாறிவிட்டது. அருகே நெய்வேலியில் 1956-இல் நிலக்கரி நிறுவனம் தோன்றிய பின் அந்த வட்டாரத்தின் முகமே வேறு. சாலைச் சந்திப்பாகவும் இரயில் நிலையமாகவும் வடலூர் பெருகிற்று. இப்போது நகராட்சி. வளரும் ஊரின் நடுவே கட்டப்படாத நிலம் கிடந்தால் அது வீணாகக் கிடப்பதாகவே கணக்குப் பிள்ளையின் கண்ணுக்குத் தோன்றும்.

தமிழக அரசு வள்ளலாருக்குச் சிறப்புச் செய்வதில் குறை வைக்கவில்லை. அவர் பிறந்த நாளைத் தனிப்பெருங்கருணை நாள் என 2021-இல் அறிவித்தது. இருநூறாம் ஆண்டை விழாவாகக் கொண்டாடிற்று. வடலூரில் வள்ளலார் பன்னாட்டு மையம் ஒன்றை ஏறத்தாழ நூறு கோடி ரூபாய்ச் செலவில் அமைக்கத் திட்டமிட்டு, 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிற்று. இடம், பெருவெளி. ஏப்ரலில் அங்குப் பள்ளம் தோண்டப்பட்டபோது பார்வதிபுரத்து மக்கள் இறங்கித் தடுத்தனர். தங்கள் முன்னோர் கொடுத்த நிலம் வெளியாகவே இருத்தல் வேண்டும் என்பது அவர்கள் வாதம். வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது.

அரசின் பக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்வதற்கில்லை. தைப்பூசத்தன்று ஏழு திரையும் விலகி ஆறு முறை சோதி காட்டப்படும்போது அங்குக் கூடுவோர் இலக்கக்கணக்கினர். அவர்களுக்குத் தங்குமிடம் வேண்டும், தண்ணீர் வேண்டும், ஒதுங்க இடம் வேண்டும். நூலகமும் ஆராய்ச்சிக்கூடமும் வேண்டாம் என்பாரும் இல்லை. கேள்வி அவை வேண்டுமா என்பது அன்று, எங்கே என்பது. ஒரு கட்டடத்தின் மண்டபத்தை நிரப்பி அதற்கு அருகில் வசதி செய்து கொடுப்பது வசதி ஆகுமா?

பழங்கட்டடம் காக்கும் துறையில் உலகம் இதற்கு முன்பே ஒரு முடிவுக்கு வந்துள்ளது. 1964-இல் வெனிஸ் நகரில் கூடிய வல்லுநர்கள் இயற்றிய சாசனம், நினைவுச் சின்னத்தை அதன் சுற்றுச் சூழலினின்று பிரிக்கலாகாது என்று விதித்தது. 2005-இல் சீனத்தின் சியான் நகரில் வெளியிட்ட அறிக்கை, சூழலையே முதற்பொருளாகக் கொண்டு பேசிற்று. ஆனால் இவ்விரு ஏடுகளும் சூழல் என்று கருதுவது கட்டடத்தைச் சுற்றியிருப்பதை. வடலூரில் வெளி சுற்றியிருப்பது அன்று, வெளியே கட்டடம். சிதம்பரத்து ஆயிரக்கால் மண்டபத்துக்குள் ஒரு விடுதி கட்டலாம் என்று எவரும் சொல்லத் துணியார். பெருவெளிக்குள் கட்டலாம் என்று சொல்ல முடிவது, அங்குத் தூண் இல்லாத ஒரே காரணத்தால்.

மலேசியத் தமிழர்க்கும் இது அயல் வழக்கு அன்று. இந்நாட்டில் 2005-இல் தேசியப் பாரம்பரியச் சட்டம் வந்தது. 2008-இல் மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. தோட்டப்புறக் கோயில்கள் பல இதற்குள் நிலமிழந்தும் இடம்பெயர்ந்தும் போயின. எஞ்சியவற்றுள் பல வண்ணச் சுதையும் வழவழப்பான ஓடும் பூசிக்கொண்டு பழைய முகத்தை இழந்தன. பழையதைக் காத்தல் என்பதைப் புதிதாகச் செய்தல் என்றே நம்மவர் பொருள் கொள்கின்றனர். பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு தலைமுறை எழுப்பியதை அடுத்த தலைமுறை நாணத்தோடு இடிக்கிறது. தகர விளக்கு போதும் என்று எழுதியவரைத் தெய்வமாகப் போற்றும் வீடுகளிலும் இதுவே நிலை.

தைப்பூசத்துக்கு இரண்டு நாள் கழித்து மேட்டுக்குப்பத்தில் வள்ளலார் புகுந்த அறையைத் திறந்து காட்டுவர். அதுவரை வடலூருக்கு வந்த கூட்டம் கலைவதில்லை. சங்கிலியைச் சுற்றியும், சாலை வாயிலிலும், பெருவெளியிலும் பாய் விரித்துக் கிடக்கும். சோறு வேண்டுவோர் எழுந்து அடுப்புப் பக்கம் நடப்பர். உண்டு திரும்புவோர் சபைப் பக்கம் வருவர். மாதப் பூசத்தில் திரை முழுதும் விலகாது. அன்றும் கூட்டம் வெளியில்தான் நிற்கும். பன்னாட்டு மையத்துக்கு இடம் தேடுவோர் அப்படி ஓர் இரவில், 1867-இல் எழுதப்பட்ட எண்பது காணிப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நான்கு எல்லையையும் நடந்து பார்த்துவிட்டு, அதன் பின் வரைபடத்தை விரிக்கலாம்.